கூடலூர், பந்தலூர் பக்கங்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

தமிழ் விக்கிப்பீடியாவில் நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டங்களைப் பற்றிய பக்கங்கள் இப்போது உட்கார்ந்து படிக்கிற மாதிரி ஆகியிருக்கின்றன. தேவாலா, சேரம்பாடி, ஓவேலி, நெலாக்கோட்டை என்று தேடினால் மக்கள்தொகையும் தொகுதிப் பெயரும் மட்டும் வந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கு அந்தந்த ஊருக்கு வரலாறு வருகிறது, படம் வருகிறது, சான்றும் வருகிறது. இதற்கு உழைத்தவர்களில் பாதிப் பேருக்கு விக்கிப்பீடியாவில் கணக்கே கிடையாது. தொகுப்பு வரலாற்றில் அவர்களைத் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள். அதனால்தான் இந்த மடல். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால், எல்லோரையுமே செய்த வேலையைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறேன்.

நீலகிரி என்றால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரியோடு முடித்துக்கொள்வது எழுதுகிறவர்களின் பழக்கம். நடுவட்டம் தாண்டிக் கீழே இறங்கினால் இருக்கிற எங்கள் பக்கம் யார் கண்ணிலும் அவ்வளவாகப் படவில்லை. இது ஏன் என்று எனக்குப் புரியவைத்தவர் சுல்தான் பத்தேரியில் இருக்கும் மலையாள விக்கிப்பீடியர் ஒருவர். சேட்டா, முதல் நன்றி உங்களுக்கு. எங்கள் பகுதி அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது, அந்த ஆண்டுதான் நீலகிரியோடு சேர்த்தார்கள் என்பதை நீங்கள்தான் பக்கம் பக்கமாகக் காட்டினீர்கள். ஓவேலி, அதாவது அன்றைய ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு, அதற்கு முன்பே 1873-ல் வந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் தங்கள் நிர்வாக வசதிக்குப் போட்ட மாவட்டக் கோடு அது. 1956-ல் மலபார் கேரளத்துக்குப் போனபோது அதுவே மாநில எல்லையாகிவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் எழுதியவர்கள் எங்களை விட்டுவிட்டார்கள், இந்தப் பக்கம் எழுதியவர்கள் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. வரலாற்றுப் பகுதிக்கு இந்த ஒரு பத்திதான் முதுகெலும்பு.

1908-ல் வந்த நீலகிரி கெசட்டியரிலிருந்து (மாவட்ட விவர நூல்) எங்கள் பகுதிக்கான பக்கங்களைப் படித்துக் குறிப்பெடுத்துத் தந்த கல்லூரித் தங்கைகளுக்கு நன்றி. தேவாலா, பந்தலூர் பக்கம் 1880-ஐ ஒட்டி வந்த தங்க மோகத்தை அவர்கள் எழுதிய விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. லண்டனில் கம்பெனி கம்பெனியாகத் தொடங்கிப் பங்குகளை விற்றார்கள், மலையைக் குடைந்தார்கள், போட்ட பணத்துக்குத் தங்கம் கிடைக்கவில்லை, சில ஆண்டுகளில் மூட்டை கட்டினார்கள். அந்தப் பழைய சுரங்க வாய் ஒன்றைப் படம் எடுக்க எங்களைக் கூட்டிப்போன ஜீப் ஓட்டும் அண்ணனுக்குத் தனி நன்றி. பெரணி மண்டி வாயை மூடியிருந்தது. கம்பால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே கால் வைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படத்தை அவருடைய போனில் அவரே எடுத்தார். யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்குக்கூட, பயன்படுத்தலாம் என்பதுதான் உரிமம் என்று விளக்கியபோது, “போட்டுக்கோங்க சார், ஊர் பேர் தெரிஞ்சா போதும்” என்றார். படம் இப்போது விக்கிமீடியா பொதுவகத்தில் இருக்கிறது.

தேவாலா மழையைப் பற்றி எழுத உதவிய எஸ்டேட் அண்ணனையும் சொல்ல வேண்டும். ஆடி மாத அடைமழையிலும் காலை 8.30 மணிக்கு மழைமானியைத் திறந்து, தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துக் குறிப்பவர் அவர். அந்த ரிஜிஸ்டரை நேரடிச் சான்றாகக் காட்ட முடியாது, வெளியான விவரம்தான் விக்கிப்பீடியாவுக்குச் செல்லும். ஆனாலும் அளவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை அவரிடம் பார்த்தபிறகுதான் பத்திரிகையில் வரும் மழைப் பட்டியலைச் சரியாகப் படிக்கவே எங்களுக்குத் தெரிந்தது.

சேரம்பாடியில் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அம்மாவை நினைக்காமல் இந்த மடலை எழுத முடியாது. 1964-ல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது என்ற வரி எல்லாக் கட்டுரையிலும் உண்டு. அப்படி வந்தவர்களுக்கு வேலை தர 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின, அதுதான் இன்றைய டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) என்பதும் உண்டு. அந்த அம்மா, தகர டப்பாவுக்குள் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த குடும்ப கார்டை எடுத்துக் காட்டினார். இலங்கையிலிருந்து வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமில் கொடுத்தது. மடிப்பில் கிழிந்து, பின்னால் துணி வைத்து ஒட்டியிருந்தது. அதை நாங்கள் படம் எடுக்கவில்லை, அது அவருடையது. ஆனால் மண்டபத்திலிருந்து தோட்டம் வரை வந்த வழியை அவர் சொல்லக் கேட்டபிறகுதான், எந்த ஆவணத்தில் எதைத் தேடுவது என்று எங்களுக்குப் பிடிபட்டது. நூலகத்தில் பழைய அறிக்கைகளைத் தேடித் தந்தவர்களுக்கும் இந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் என்னோடு விடாமல் வாதாடியவர். ஜன்ம நிலம், அதாவது ஜன்மிகள் என்ற நிலவுடைமையாளர்களின் பரம்பரை நிலம், பற்றிய பத்தியை நான் நிலம்பூர் கோவிலகம் (அன்றைய அரச குடும்பம்), 1969-ன் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், செக்‌ஷன் 17-ன் கீழ் உரிமை தீராமல் கிடக்கும் நிலத்தில் பட்டாவும் கரண்டும் இல்லாமல் தவிக்கும் குடும்பங்கள் என்று எழுதியிருந்தேன். “இதெல்லாம் சரி, இந்தக் காடு யாருடையதாக இருந்தது?” என்று கேட்டார் அவர். பனியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொத்தடிமைகளாக வயலில் உழைத்ததற்கும், காட்டுநாயக்கரும் பெட்டக் குறும்பரும் காடு சார்ந்து வாழ்ந்ததற்கும் சான்றுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். 2006-ன் வன உரிமைச் சட்டம் பற்றிய பகுதியையும் அவரே எழுதினார். அந்தப் பத்தி இன்றைக்கு நடுநிலையாக நிற்கிறது என்றால் அவருடைய பிடிவாதம்தான் காரணம். தோழர், மனசார நன்றி.

ஆலமரத்தடி என்ற விக்கிப்பீடியா பொது உரையாடல் பக்கத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன மூத்த பயனர்களுக்கும், சந்திப் பிழை திருத்திய யாழ்ப்பாணத்து நண்பருக்கும், பகுப்புகளை ஒழுங்குபடுத்தியவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் கணினி அறையைத் திறந்துவிட்ட தலைமையாசிரியைக்கும் நன்றி. கக்கநல்லாவிலும் பாட்டவயலிலும் சாலையோரத்தில் படம் எடுக்க நின்றபோது யானை வரும் நேரம் சொல்லி எச்சரித்த வனக் காவலர்களுக்கும்தான்.

எருமாடு, அய்யன்கொல்லி, தாளூர் பக்கங்கள் இன்னும் குறுங்கட்டுரைகளாகவே இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் யாராவது பழைய ஆண்டு மலர், கோயில் திருப்பணி மலர், பள்ளி நூற்றாண்டு மலர் வைத்திருந்தால் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து பார்த்துக் குறித்துக்கொள்கிறோம். இதுவரை எழுதிய கட்டுரைகளை அச்செடுத்துக் கூடலூர் நூலகத்தில் வைத்திருக்கிறோம். தப்பு கண்ணில் பட்டால் ஓரத்திலேயே பேனாவால் எழுதிவிடுங்கள், மாதக் கடைசியில் எடுத்துத் திருத்திவிடுவோம்.

அன்புடன்,
கூடலூரிலிருந்து ஒரு விக்கிப்பீடியா பயனர்