ஐஸ் ஹொக்கிக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகசபையினருக்கும் அங்கத்தவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்தில் தெரிவான நிர்வாகசபை இவ்வருடம் ஒழுங்காகக் கூடியது. பொங்கல் ஒன்றுகூடல் வழமைபோல் நடந்தது. கோடைகால பார்பிகியூ மழையால் ஒரு கிழமை பிந்தி நடந்தது. குளிர்காலத்தில் பிள்ளைகளையும் பெண் அங்கத்தவர்களையும் மகளிர் தொழில்முறை ஹொக்கி லீக்கின் (PWHL) ஆட்டம் ஒன்றுக்கு, கோக்கக்கோலா கொலிசியம் அரங்குக்கு, கூட்டிச் சென்றோம். அந்த லீக்கின் முதல் ஆட்டமே 2024 ஜனவரி 1 அன்று எங்கள் ரொறன்ரோவில்தான் நடந்தது. அதன் பிறகு எங்கள் கழகத்திலும் பெண்களின் வரவு கூடியிருக்கிறது. வரும் பருவத்தில் தங்களுக்கு ஐஸில் தனியாக ஒரு மணித்தியாலம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்பது முழுக்க நியாயம். ஆனால் அந்த மணித்தியாலத்துக்கு எங்கே போவது என்பதுதான் இந்த வருடம் முழுவதும் எங்களுக்கிருந்த பிரச்சினை.

எங்கள் ஆட்டம் ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு ஏன் என்று பலர் பலமுறை கேட்டுவிட்டார்கள். அதற்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். நகரசபை அரங்குகளில் மாலை நேரங்கள் முதலில் சிறுவர் அணிகளுக்குப் போகும். அது சரிதான், எங்கள் பிள்ளைகளும் அந்த நேரங்களில்தான் விளையாடுகிறார்கள். மிஞ்சுகிற நேரத்தில் ஏற்கெனவே பல வருடமாக ஒரு இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் குழுக்கள் அதை இலேசில் விடுவதில்லை. தனியார் அரங்கில் வசதியான நேரம் கிடைக்கும், ஆனால் மணித்தியாலத்துக்கு 300 டொலரைத் தாண்டிவிடும், அதற்கு மேல் 13 வீதம் வரி. சனிக்கிழமை காலை ஆறரை மணி ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதைச் சொன்னபோது தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ஞாயிறு இரவு என்றபோது திங்கள் காலை ஷிப்ட் என்றார்கள். நானும் திங்கள் காலை ஐந்து மணிக்கு எழும்புகிறவன்தான். இரண்டில் எது கூடுதலான ஆட்களுக்கு ஒத்துவரும் என்று பார்த்துத்தான் ஞாயிறைத் தெரிவு செய்தோம்.

அடுத்தது காசு. முன்பு வந்து விளையாடுகிற அன்று மட்டும் காசு கொடுக்கும் முறை இருந்தது. இந்தப் பருவம் அதை நிறுத்தி, முழுப் பருவத்துக்கும் முன்கூட்டியே சந்தா என்று மாற்றினோம். இது என்னுடைய யோசனை. இதற்கு எதிர்ப்பு வந்ததும் தெரியும். “வராத நாளுக்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும்?” என்பதுதான் கேள்வி. ஐஸ் வாடகை ஆளுக்கு இவ்வளவு என்று வருவதில்லை. எட்டுப் பேர் வந்தாலும் இருபது பேர் வந்தாலும் அதே காசுதான். அந்த ஒரு மணித்தியாலத்திலும் எங்களுக்குக் கிடைப்பது 50 நிமிடம். மீதி நேரம் ஸம்போனி என்ற ஐஸ் சீராக்கும் வண்டி வந்து ஐஸை வழித்து, சுடுதண்ணீர் விட்டு மட்டப்படுத்துவதற்கு. வராதவர் தன் பங்கைக் கொடுக்காவிட்டால் வந்தவர்தான் அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒழுங்காக வருகிறவரைத் தண்டிக்கிற முறை அது. அதனால்தான் மாற்றினோம்.

பெப்ரவரி நடுப்பகுதியில் அடுத்தடுத்துப் பனி கொட்டிய நாட்களில் வராதவர்களை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பிறகு ஒரு ஞாயிறு, பெருந்தெருக்கள் எல்லாம் வழித்து முடிந்த பின், வாட்ஸ்அப்பில் பதினெட்டுப் பேர் வருவதாகப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் ஏழு பேர். கோலியும் (கோல் காப்பாளர்) வரவில்லை. கம்பத்தில் பட்டால்தான் கோல் என்று வைத்துக்கொண்டு, நாலு பேரும் மூன்று பேரும் மாற்றாள் இல்லாமல் 50 நிமிடமும் ஓடினோம். ஆட்டம் முடிந்து வாங்கில் இருந்தபோது ஐம்பது வயது தாண்டிய ஒரு அண்ணை தலைக்கவசத்தைக் கழற்றினார், தலையிலிருந்து ஆவி எழும்பியது. கையுறையைத் திருப்பிப் பிழிந்துவிட்டு, “அடுத்த கிழமையும் இருக்குத்தானே?” என்று மட்டும் கேட்டார். வருகிறேன் என்று போட்டுவிட்டு வராமல் இருப்பது அவருக்குச் செய்கிற அநியாயம் என்று எனக்குப் படுகிறது. கலியாண வீடு, அரங்கேற்றம், பிறந்தநாள் விழா எல்லாம் எங்கள் எல்லாருக்கும் உண்டு. மத்தியானத்துக்கு முன் ஒரு வரி போட்டால் வேறு ஆளைக் கூப்பிடலாம், கோலியையாவது வாடகைக்குப் பிடிக்கலாம்.

வெளியரங்குகளில் இலவசமாக விளையாடலாமே என்றும் ஒரு கருத்து இருக்கிறது. விளையாடலாம், நாங்களும் போகிறோம். ஆனால் அவை நவம்பர் கடைசியில் திறந்து மார்ச்சில் மூடிவிடும். மழை பெய்தாலும் வெயில் ஏறினாலும் அன்று ஐஸ் இல்லை. பின்னேரத்தில் கூட்டம் நிரம்பிவிடும். ஒழுங்கான ஆட்டத்துக்கு அதை நம்பி இருக்க முடியாது. புதியவர்கள் நிற்கவும் திரும்பவும் பழக அது நல்ல இடம்.

புதியவர்கள் என்றதும் சாமான் பகிர்வுத் திட்டம் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வருடம் கழகம் செய்தவற்றில் இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஸ்கேற், தலைக்கவசம், கையுறை, தோள், முழங்கை, முழங்கால் காப்புகள், கால்சட்டை, ஸ்ரிக் என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால், விலை குறைந்ததாகப் பார்த்தாலும் 500 டொலரைத் தாண்டும். ஊரில் கிரிக்கெட்டும் உதைபந்தும் விளையாடிவிட்டு, நாற்பது வயதில் முதல்முறை ஸ்கேற் கட்ட ஆசைப்படுகிற ஒருவர், பிடிக்குமோ பிடிக்காதோ என்று தெரியாமல் அவ்வளவு காசைப் போடமாட்டார். ஆகவே பழைய சாமான்களைச் சேர்த்தோம். ஒரு அங்கத்தவர் மார்க்கம் நகரில் உள்ள தன் கராஜில் இடம் தந்தார். சீஎஸ்ஏ (கனடியத் தர நிர்ணய) பாதுகாப்பு முத்திரை இல்லாத தலைக்கவசத்தையும் வெடிப்பு விழுந்ததையும் ஏற்கவில்லை. பாதுகாப்புப் பற்றி நிர்வாகசபையில் எழுந்த கேள்விக்கு இதுவே பதில். ஸ்கேற்றுகளின் விளிம்பைத் தீட்டி, அளவு எழுதி அடுக்கினோம். ஸ்காபரோவின் ஆல்பேர்ட் கம்பல் சதுக்க வெளியரங்கில் குதிக்காலைப் பின்னுக்குத் தள்ளி இறுக்கிக் கட்டுவதிலிருந்து சொல்லிக் கொடுத்தோம். இப்படிப் பழகியவர்களில் சிலர் இன்று ஞாயிறு ஆட்டத்தில் தவறாமல் நிற்கிறார்கள்.

பாவித்த கோலிச் சாமான் முழுத்தொகுதி ஒன்றையும் வாங்கினோம். அது செலவுதான். புதிதாக என்றால் ஆயிரக்கணக்கில் போகும். கோலிக்குச் சந்தா இல்லை என்ற முடிவையும் சிலர் விரும்பவில்லை. ஆனால் கிழமைக்குக் கிழமை வாடகைக் கோலிக்குக் கொடுத்த காசை எண்ணிப் பார்த்தால் இது கழகத்துக்கு இலாபம். இரவல் எடுத்த ஸ்கேற்றுகளில் சில இன்னும் திரும்பி வரவில்லை. எடுத்தவர்கள் தயவுசெய்து கொண்டுவந்து தரவும், அடுத்த ஆள் காத்திருக்கிறார்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சுருக்கமாக, வரவில் பெரும்பகுதி சந்தாவும் நன்கொடையும், செலவில் பெரும்பகுதி ஐஸும் காப்புறுதியும். கையிருப்பு இருக்கிறது, ஆனால் அடுத்த பருவ முற்பணம் கட்டினால் அதிகம் மிஞ்சாது. சந்தா நிலுவை உள்ளவர்களின் பெயரை இங்கே வாசிக்கமாட்டேன். வேலை போனவர்கள் பொருளாளரோடு கதைத்துத் தவணையில் கட்டினார்கள், யாரையும் நாங்கள் ஐஸில் இருந்து இறக்கவில்லை. ஆனால் பருவம் முழுக்க விளையாடிவிட்டுக் கேட்டால் பதில் போடாமல் இருப்பது வேறு.

அனுசரணையாளர்களுக்கும், அரங்கப் பணியாளர்களுக்கும், கணக்காய்வாளருக்கும், இரவில் கதவு திறந்துவிடும் எங்கள் வீட்டாருக்கும் கழகத்தின் நன்றி.

அடுத்த பருவத்துக்கான விண்ணப்பம் விரைவில் போக வேண்டும். இப்போது அரங்க அனுமதி என் பெயரில், முற்பணம் என் கடனட்டையில் இருக்கிறது. இதை இன்னொரு வருடம் தனியாகச் சுமக்க என்னால் ஏலாது. வேறொருவர் இப்பதவிக்கு முன்வந்தால் கோப்புகளையும் கராஜ் திறப்பையும் மகிழ்ச்சியோடு கொடுப்பேன், கூடவும் நிற்பேன். யார் செயலாளராக வந்தாலும், பாதிச் சந்தாவை முற்கூட்டிக் கட்டும் பதினைந்து பேராவது இருந்தால்தான் ஞாயிறு இரவைத் தக்க வைக்கலாம், பெண்களுக்கான மணித்தியாலத்தையும் கேட்கலாம். விட்டுவிட்டால் அந்த நேரத்தை உடனே வேறு குழு எடுத்துவிடும், திரும்பக் கிடைக்காது. பொருளாளர் வாசலருகில் மேசை போட்டு இருக்கிறார். ஈ-ட்ரான்ஸ்பரும் இப்போதே அனுப்பலாம்.

இங்ஙனம்,
செயலாளர்