ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு: ஆன்டிபாடியின் லாட் எண்ணைக் கேளுங்கள்

உயிரியல் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் வணக்கம்.

சிப் சோதனையே கதி என்று கிடப்பவர்களில் நானும் ஒருத்தி. ஒரு புரதமோ அதன்மேலுள்ள குறியோ டிஎன்ஏவில் எங்கே இருக்கிறது என்று, அதை மட்டும் பிடிக்க வேண்டிய ஆன்டிபாடி என்ற புரதத்தைக் கொண்டு பார்க்கும் சோதனை இது. சென்ற வருடம் ஆன்டிபாடி தீரும் நிலையில், அதே கேட்டலாக் எண்ணில் புதுக் குப்பி வாங்கினோம். லாட் எண், அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண், மட்டும் வேறு. டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதங்களில் ஒன்றான ஹிஸ்டோன் எச்3-இன் 4ஆம் இடத்து லைசினில் (சுருக்கமாக எச்3கே4) மெத்தில் என்ற வேதிக் குறி மூன்று இருந்தால் பிடிக்க வேண்டிய ஆன்டிபாடி அது. ஜீன்களின் தொடக்கப் பகுதியான புரோமோட்டரில் ஊசிபோல் நின்ற வரைபடச் சிகரங்கள், புதுக் குப்பியில் இருபுறமும் சரிந்து படர்ந்தன. இரண்டு மாதம் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். டிஎன்ஏவை ஒலியலையால் துண்டாக்கும் சோனிகேட்டரைக்கூடத் திட்டியாயிற்று.

கடைசியில் குட்டை உடைத்தவை பார்கோடு நியூக்ளியோசோம்கள். செல்லில் உள்ள நியூக்ளியோசோம் போலவே, எட்டு ஹிஸ்டோன்களைச் சுற்றி 147 இணை டிஎன்ஏ என்ற அதே கட்டமைப்பு. ஆனால் ஆய்வகத்தில் செய்தவை. ஒவ்வொன்றிலும் என்ன குறி இருக்கிறது என்பது செய்தவருக்குத் தெரியும். அதற்கென்று தனி டிஎன்ஏ அடையாளமும் உண்டு. துண்டாக்கிய குரோமாட்டினில் (செல்லின் டிஎன்ஏவும் ஹிஸ்டோன்களும் சேர்ந்தது) ஆன்டிபாடிக்கு முன்பே இவற்றில் துளி கலந்துவிட்டு, பிறகு எது எவ்வளவு மீண்டு வந்தது என்று, டிஎன்ஏவை அளக்கும் க்யூபிசிஆரில் எண்ணலாம். எங்கள் புதுக் குப்பி, மூன்று மெத்தில் உள்ளதோடு இரண்டு மெத்தில் மட்டுமே உள்ளதையும் வாரிக்கொண்டு வந்திருந்தது.

நீங்கள் வழக்கமாகக் கேட்பது ஐஜிஜி கன்ட்ரோல், அதாவது குறிப்பிட்ட இலக்கு இல்லாத ஆன்டிபாடியோடு ஒப்பீடு. அது வெறும் ஒட்டுதலைக் காட்டும், ஆள்மாறாட்டத்தைக் காட்டாது. எப்போதும் இயங்கும் ஜீனான ஜிஏபிடிஎச்-இன் புரோமோட்டரில் குறியைக் காட்டுகிறோம் என்றால், அங்கே அந்தக் குறி இருக்கிறதென்று நமக்குச் சொன்னதே இதே வகை ஆன்டிபாடிகள்தான். வேலிக்கு ஓணான் சாட்சி. நிறுவனங்கள் தரும் பெப்டைடு சோதனையோ ஹிஸ்டோன் வாலின் துண்டில் செய்தது. முழு நியூக்ளியோசோமில் அதே ஆன்டிபாடி வேறு மாதிரி நடந்துகொள்ளலாம்.

இது என் ஒருத்தியின் புலம்பல் இல்லை. 2011இல் 200க்கும் மேற்பட்ட ஹிஸ்டோன் ஆன்டிபாடிகளைச் சோதித்தபோது கால்வாசிக்கு மேல் தேறவில்லை. இப்படி பார்கோடு நியூக்ளியோசோம்களை உள்ளேயே அளவுகோலாக வைத்துச் சிப் செய்யும் முறையைச் சிகாகோ பல்கலைக்கழகக் குழு 2015இல் வெளியிட்டது. 2018இல் அதே முறையில் எச்3கே4 மெத்திலுக்கான 52 வணிக ஆன்டிபாடிகளைப் பார்த்தார்கள். பலரும் நம்பிப் பயன்படுத்துபவற்றில் பல, இருப்பது ஒரு மெத்திலா, இரண்டா, மூன்றா என்று பிரித்தறியத் திணறின. அதன் பிறகும் ‘இன்ன நிறுவனத்தின் ஆன்டிபாடி’ என்ற ஒற்றை வரியோடு கட்டுரைகள் அச்சேறுகின்றன.

ஹிஸ்டோன் சிப் கட்டுரை என்றால் லாட் எண்ணும், அந்த லாட்டுக்கான நியூக்ளியோசோம் சோதனை முடிவும் இல்லாமல் ஏற்காதீர்கள். ஒவ்வொரு சோதனைக்கும் கேட்டால் சிறிய ஆய்வகங்கள் தாங்காது. லாட்டுக்கு ஒருமுறை போதும். ஜீன்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரதங்களான டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்களின் சிப்புக்கு இதைக் கேட்டுத் தொல்லை செய்யவும் வேண்டாம், அங்கே இது உதவாது. ஃபார்மால்டிஹைடில் பிணைத்த குரோமாட்டினில், பிணைப்பு முடிந்த பிறகே இந்த நியூக்ளியோசோம்களைச் சேர்க்கிறோம், அவை பிணைபடுவதில்லை என்ற குறையும் உண்டு. இருந்தாலும், தப்பான குறியைப் பிடிக்கும் ஆன்டிபாடி இதில் மாட்டிக்கொள்ளும்.

பழைய குப்பியின் அடியில் ஐந்து மைக்ரோலிட்டர் மிச்சமிருக்கிறது. அதை வைத்துத்தான் என் முதல் இரண்டு கட்டுரைகளும் வந்தன. அடுத்த வாரம் அதையும் சோதிக்கப் போகிறேன். முடிவு மோசமாக இருந்தால் திருத்தம் எழுதி அனுப்புவேன். அதற்கு உங்கள் இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வகத்தில் காலம் கழிக்கும் ஒருத்தி