ராத்திரி ஷிப்ட் முடித்த கையோடு கொடுத்த ரத்தம்

அன்புள்ள கண்ணு,

போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ரிப்போர்ட்டை அப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன். தைராய்டுச் சுரப்பியை வேலை வாங்கும் ஹார்மோன், டி.எஸ்.எச்., 6.2 என்று இருக்கிறது. அது ஏறினால் தைராய்டு மந்தமாகிவிட்டதோ என்று சந்தேகப்படுவார்கள். 4.2 வரை இருக்கலாம் என்று பக்கத்தில் போட்டிருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு உன் டீமில் இருக்கும் பெண் தன் பாட்டிலிலிருந்து 25 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரையை எடுத்து நீட்டினாள் என்றாயே, அதை மட்டும் வாயில் போட்டுவிடாதே. போட ஆரம்பித்துவிட்டால் அந்த 6.2 தானாக இறங்கியதா, மாத்திரையால் இறங்கியதா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

முதலில் அந்த ரத்தம் எப்போது கொடுத்தது என்று யோசித்துப் பார். ஆபீஸில் கேம்ப் போட்டார்கள். நீ ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு, காலை ஆறரைக்குக் கண்ணெல்லாம் எரிய, கையை நீட்டியிருக்கிறாய். டி.எஸ்.எச். நாள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. சாயங்காலத்துக்கு மேல் ஏறி, நடுராத்திரியை ஒட்டி உச்சத்துக்குப் போய், விடிந்த பிறகு மெல்ல இறங்கி, மதியத்துக்கு மேல் குறைந்து கிடக்கும். ராத்திரி ஏறுவதைக் கொஞ்சம் அடக்கி வைப்பதே தூக்கம்தான். தூங்காமல் விழித்திருந்தால் இன்னும் கூடுதலாக ஏறும். போதாததற்கு, அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் காய்ச்சலில் கிடந்து எழுந்தாய். உடம்பு தேறி வரும்போதும் இந்த நம்பர் கொஞ்ச நாள் ஏறி நிற்கும். உனக்குத் தைராய்டே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு இருக்கிறது, உன் அத்தைக்கும் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

என் கதையை உனக்குச் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம். எனக்கு மாத்திரை ஆரம்பித்த புதிதில், காலையில் அதை விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் காபி குடிக்காமல் இருக்க வேண்டும் என்றார்கள். டிகாஷன் வாசனை வந்த பிறகு ஒரு மணி நேரம் யாரால் இருக்க முடியும்? காபியைக் குடித்துவிடுவேன், மாத்திரையை "நாளைக்கு" என்று விட்டுவிடுவேன். டெஸ்ட் வருகிறது என்றதும் ஒரு வாரம் மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாய்ப் போய் உட்கார்ந்தேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளாம்மா ஒழுங்கா போடுறீங்க?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரத்தத்தில் ஓடும் தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 சரியாக இருந்தது, டி.எஸ்.எச். மட்டும் 18. ஃப்ரீ டி4 இந்த வாரம் என்ன விழுங்கினாய் என்பதைச் சொல்லும், டி.எஸ்.எச். போன ஒன்றரை மாதம் எப்படி இருந்தாய் என்பதைச் சொல்லும் என்றார். மாத்திரை அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் திரும்பப் பார்ப்பதும் அதனால்தானாம். அப்பாவிடம் இதைச் சொல்லாதே.

சரி, உன் விஷயம். இந்த மாதிரி லேசாக ஏறியிருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் விட்டுத்தான் மறுபடி பார்ப்பார்கள். எப்போது என்று டாக்டர் சொல்லட்டும். டி.எஸ்.எச்.சோடு ஃப்ரீ டி4, அப்புறம் உடம்பே தைராய்டுச் சுரப்பியை எதிர்க்கிறதா என்று காட்டும் ஆன்டிபாடி, இதெல்லாம் வேண்டுமா என்று கேட்டுக்கொள். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைக்கு யோசிக்கிறீர்களா என்று நான் கேட்க மாட்டேன், கேட்டால் கோபப்படுவாய். யோசித்தால் அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடு. அப்படியிருந்தால் அவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்கள். இந்த 6.2ஐயே வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

ராத்திரி ஷிப்ட் இல்லாத வாரமாகப் பார்த்து, குறைந்தது இரண்டு மூன்று ராத்திரி ஒழுங்காகத் தூங்கி எழுந்து, காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் கொடுத்துவிடு. தைராய்டுக்கு மட்டும் என்றால் வெறும் வயிறு கட்டாயமில்லை. ஆனால் சாப்பிட்ட பிறகு டி.எஸ்.எச். கொஞ்சம் குறைந்து காட்டும், அதனால் நான் எப்போதும் சாப்பிடாமலே போகிறேன். தண்ணீர் தாராளமாகக் குடி. போன தடவை நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தினார்கள் என்றாயே, தண்ணீர் குடித்திருந்தால் அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டாய். அடுத்தடுத்த தடவையும் அதே லேபில், அதே நேரத்தில் கொடு. ஒவ்வொரு லேபிலும் எல்லை அளவு கொஞ்சம் மாறும்.

இன்னொன்று. முடி கொட்டுகிறது என்று ஆரஞ்சு வாசனையில் ஒரு மிட்டாய் மாதிரி தின்கிறாயே, அந்த டப்பாவின் பின்பக்கத்தைப் படி. பயோட்டின் என்று ஒரு வைட்டமின் பெயர் இருக்கும். ஒரு நாளைக்கு உடம்புக்கு 30 மைக்ரோகிராம் போல இருந்தால் போதும். முடிக்கென்று விற்கும் மாத்திரைகள் சிலவற்றில் 5,000, 10,000 என்று கொட்டி வைத்திருக்கிறார்கள். அது உன் தைராய்டை ஒன்றும் செய்யாது, லேப் மெஷினை ஏமாற்றிவிடும். சில முறைகளில் டி.எஸ்.எச்.சை உள்ளதைவிடக் குறைத்தும், டி4ஐ ஏற்றியும் காட்டும். டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்து. நீ தின்கிற அளவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று டாக்டரிடம் டப்பாவைக் காட்டியே கேள். முடி கொட்டுவது எதனால் என்றும் அப்படியே கேட்டுவிடு. இரும்புச் சத்துக் குறைந்தாலும் கொட்டும்.

எனக்கு வருகிற வியாழக்கிழமை டெஸ்ட். அன்றைக்கு மட்டும் மாத்திரையைப் போடாமல் காகிதத்தில் மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு போவேன். முன்னாலேயே விழுங்கினால் ஃப்ரீ டி4 சில மணி நேரத்துக்கு ஏறிக் காட்டும் என்று, ரத்தம் கொடுத்த பிறகு அங்கேயே தண்ணீரில் விழுங்கிவிடுவேன். அப்புறம் ஒரு மணி நேரம் காபிக்குக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் உனக்குப் போன் செய்கிறேன், எடு.

அம்மா