எரிபொருள் சிக்கன டயர் என விற்கப்பட்ட நான்கு டயர்கள் தொடர்பான புகார்

2025 ஒக்டோபர் 27
வெள்ளவத்தை, கொழும்பு 06

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

கடந்த ஓகஸ்ட் மாதம் 16ஆந் திகதி, உங்கள் நிறுவனத்தின் கொழும்புக் கிளையில் எனது டொயோட்டா அக்வா ஹைபிரிட் காருக்கு 175/65ஆர்15 அளவிலான நான்கு புதிய டயர்களைப் பொருத்திக்கொண்டேன். வீல் அலைன்மென்ட் உட்பட 1,36,500 ரூபா செலுத்தினேன். உங்கள் பற்றுச்சீட்டில் அந்த டயர்கள் ‘எரிபொருள் சிக்கன வகை’ என்றே எழுதப்பட்டுள்ளன. அன்று தொடக்கம் காரின் எரிபொருள் செலவு கூடியிருக்கிறது. இதை உங்கள் கிளைக்கு இரண்டு தடவை நேரில் சென்று தெரிவித்தும், இரண்டு தடவையும் குறை என்னுடைய ஓட்டத்தில்தான் இருக்கிறது என்ற பதிலே கிடைத்தபடியால் இதனை எழுத்தில் தருகிறேன்.

செப்டெம்பர் 20ஆந் திகதி நான் வந்தபோது உங்கள் ஊழியர் ஒருவர், பற்றுச்சீட்டைக் கையில் வாங்கிப் பார்க்காமலே, “ஹைபிரிட் கார் ஓடத் தெரிய வேணும், மிஸ்” என்றார். நான் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று 22 ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காரை மட்டும் 7 ஆண்டுகளாக ஓட்டுகிறேன். அந்தத் தம்பியின் வயதை நோக்க, அவர் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே நான் காலி வீதியில் கார் ஓட்டியிருக்க வேண்டும். ஆயினும் அவர் சொன்னதை நான் தட்டிக்கழிக்கவில்லை. அது சரியா என்று என்னால் இயன்ற அளவுக்குச் சோதித்துப் பார்த்த பின்னரே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு, கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டுப் பெற்றோல் வாங்கிய காலத்தில், ஒவ்வொரு லீற்றருக்கும் கணக்கு வைக்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. இன்றுவரை ஒவ்வொரு தடவையும் அதே நிலையத்தில், பம்பு தானாக நிற்கும் வரை தாங்கியை நிரப்பி, ஓடிய தூரத்தையும் ஊற்றிய அளவையும் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். காரின் திரை காட்டும் சராசரியை நான் கணக்கில் எடுப்பதில்லை. என் அனுபவத்தில் அது எப்போதும் சற்றுத் தாராளமாகவே காட்டும். பழைய டயர்களில் ஓடிய கடைசிப் பத்து நிரப்பல்களின் சராசரி, லீற்றருக்கு 20.8 கிலோமீற்றர். உங்கள் டயர்கள் பொருத்தியபின் முதல் இரண்டு நிரப்பல்களின் சராசரி 17.9. பாதை மாறவில்லை. வெள்ளவத்தையிலிருந்து திம்பிரிகஸ்யாய, நாரஹேன்பிட்ட ஊடாக ராஜகிரியவில் உள்ள அலுவலகத்துக்குப் போய் வருவதும், மாலையில் மகளை வகுப்புக்கு ஏற்றி இறக்குவதும்தான் இந்தக் காரின் வேலை. அதே நேரம், அதே நெரிசல், ஏ.சி.யும் அதே 26 பாகையில்.

ஓட்டும் பழக்கம் பெற்றோல் செலவை மாற்றாது என்று நான் வாதிடவில்லை. உங்களுக்குச் சாதகமான சான்றை நானே தருகிறேன். சென்ற ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் மைத்துனர் இக்காரை ஒரு கிழமை கொழும்புக்குள் ஓட்டினார். பச்சை விழுந்ததும் பாய்ந்து புறப்பட்டு, அடுத்த சிக்னலில் முன்னால் நிற்கும் பஸ்ஸின் பின்புறம்வரை வேகமாகப் போய் அழுத்தி நிறுத்துவது அவருடைய வழக்கம். அந்தக் கிழமைக்குரிய கணக்கு 17.1. ஹைபிரிட் காரில் பிரேக்கை முன்கூட்டியே மெதுவாக மிதித்தால், மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறிக் காரின் வேகத்தை மின்சாரமாக்கிப் பற்றரியில் சேர்க்கும். திடீரென அழுத்தி மிதித்தால் உராய்வுப் பிரேக் வேலைசெய்து, சேமித்திருக்க வேண்டிய சக்தியில் பெரும்பகுதி வெறும் வெப்பமாகிப் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஆகையால்தான் என் சராசரி 20.8ஆக இருந்தது. நான் கேட்பது ஒன்றே: 7 ஆண்டுகளாக ஒரேவிதமாக ஓட்டியவளுடைய பழக்கம், ஓகஸ்ட் 16ஆந் திகதி பிற்பகல் உங்கள் கிளையின் வாசலைத் தாண்டியதும் எப்படி மாறியிருக்க முடியும்?

அடுத்து, டயர் தொடர்பாக நான் கண்டவற்றைச் சொல்கிறேன். செப்டெம்பர் 6ஆந் திகதி காலை, கார் இரவு முழுவதும் நின்று டயர்கள் குளிர்ந்திருந்தபோது, என் சொந்த அளவியால் காற்றழுத்தத்தைப் பார்த்தேன். நான்கு டயர்களிலும் கதவோர ஒட்டுத்தாளில் குறிப்பிடப்பட்டதைவிட 6 பி.எஸ்.ஐ. குறைவாக இருந்தது. நான்கிலும் ஒரே அளவு குறைந்திருப்பதால் இது கசிவு அன்று. பொருத்தும்போதே குறைவாக அடிக்கப்பட்டிருக்கிறது என்றே கருதுகிறேன். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் கூடுதலாக நசுங்கி நிமிரும், அந்த நசுங்கலுக்குச் செலவாகும் சக்தி முழுவதும் திரும்பக் கிடைக்காது. உரிய அளவுக்கு அடித்தபின் அடுத்த இரண்டு நிரப்பல்களின் சராசரி 18.5 ஆயிற்று. பின்னர் செப்டெம்பர் 27ஆந் திகதி, பஞ்சிகாவத்தையில் வேறோர் இடத்தில் அலைன்மென்ட் பார்த்தபோது, முன்சக்கரங்கள் இரண்டும் உட்புறமாகத் திரும்பியிருந்த அளவு உரிய எல்லையைத் தாண்டியிருந்தது. உங்கள் பற்றுச்சீட்டில் அலைன்மென்டுக்கென 4,500 ரூபா அறவிடப்பட்டிருக்கிறது. சக்கரங்கள் அவ்வாறு இருந்தால் டயர் நேராக உருளாமல் சிறிது உரசிக்கொண்டே போகும். பெற்றோலும் போகும், டயரின் விளிம்பும் தேயும். அதைத் திருத்தியபின் கிடைத்த சராசரி 18.9. கடும் மழை பெய்த கிழமைக்குரிய ஒரு நிரப்பலை இதில் சேர்க்கவில்லை, ஏனெனில் தண்ணீர் நின்ற வீதியில் எந்த டயரும் கூடுதலாகத்தான் இழுக்கும்.

ஆகவே காற்றையும் அலைன்மென்டையும் என் செலவில் சரிசெய்த பின்னரும் 20.8க்கும் 18.9க்கும் இடையில் 9 சதவீத வித்தியாசம் நிற்கிறது. இந்த 9ஐயும் நான் முழுமையாக உங்கள் தலையில் கட்டவில்லை. தேய்ந்த டயரைவிடப் புதிய டயரின் சுற்றளவு சற்றுப் பெரிது. எனவே ஓடோமீற்றர் உண்மையான தூரத்தைவிட ஒன்றிரண்டு சதவீதம் குறைத்துக் காட்டலாம். புதிய டயரின் தடித்த ரப்பர் பூக்களும் தேய்ந்தவற்றைவிடக் கூடுதலாக நெளியும். இவ்விரண்டையும் நியாயமாகக் கழித்தாலும், கணிசமான ஒரு பகுதி மிஞ்சுகிறது. அந்தப் பகுதிக்கான காரணத்தை டயரின் தரக்குறியீட்டிலேயே கண்டேன்.

நான் கழற்றிய பழைய டயர்கள், ஜப்பான் மோட்டார் வாகன டயர் உற்பத்தியாளர் சங்கம் 2010 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த தரவரிசையில் ‘ஏஏ’ பெற்றவை. ஒரு தொன் பாரத்தை உருட்டும்போது எதிர்க்கும் விசை 7.7 கிலோவைத் தாண்டாத டயருக்கே அத்தரம் வழங்கப்படும். அந்த ஒழுங்கின்படி, உருளும் தடையில், அதாவது மேற்சொன்ன எதிர்விசையில், ‘ஏ’ அல்லது அதற்கு மேற்பட்ட தரமும், ஈரத் தரைப் பிடிப்பில் குறைந்தபட்சத் தரமும் இருந்தால்தான் ஒரு டயரை எரிபொருள் சிக்கன டயர் என அழைக்கலாம். நீங்கள் பொருத்திய டயரின் உற்பத்தியாளர் தமது விபரப்பட்டியலில் இதே மாதிரிக்கும் இதே அளவுக்கும் ஐரோப்பியத் தரவரிசையில் ‘ஈ’ என்று குறிப்பிட்டிருக்கிறார். ‘ஏ’ முதல் ‘ஈ’ வரையுள்ள அந்த வரிசையில் அதுவே கடைசி. அதன் தடை தொன்னுக்கு 10.6 கிலோ அல்லது அதற்கு மேல். அதாவது பழைய டயரைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான தடை. உருளும் தடையை 10 சதவீதம் குறைத்தால் எரிபொருளில் 1 முதல் 2 சதவீதம் மிஞ்சும் என அமெரிக்கப் போக்குவரத்து ஆராய்ச்சிச் சபையின் 2006ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இதே அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் 4 முதல் 8 சதவீதம் வரை வருகிறது. என் கொப்பியில் மிஞ்சி நிற்பதும் அதற்குள்தான் அடங்குகிறது.

ஹைபிரிட் காரில் இது கூடுதலாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. சாதாரணக் கார், நெரிசலில் நின்றபடி என்ஜினை இயக்குவதிலும் பிரேக்கை மிதித்துச் சூடாக்குவதிலும் பெருமளவு பெற்றோலை வீணாக்குகிறது. ஹைபிரிட்டில் அந்த இரண்டும் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. எனவே மிஞ்சும் செலவில், 30, 40 கிலோமீற்றர் வேகத்தில் காற்றின் எதிர்ப்பு சிறிதாக இருக்கையில், டயரின் பங்கு பெரிதாகிவிடுகிறது. ஞாயிறு காலையில் வெறிச்சோடிக் கிடக்கும் மரைன் டிரைவில் இதைக் காலாலேயே உணரலாம். முன்பெல்லாம் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் தன் பாட்டில் உருண்டுகொண்டு சிக்னல்வரை போகும். இப்போது பாதி வழியிலேயே வேகம் விழுந்து, மீண்டும் மிதிக்க வேண்டியிருக்கிறது.

ஒக்டோபர் 11ஆந் திகதி இரண்டாவது தடவை வந்தபோது, உங்கள் மேற்பார்வையாளர் மேலும் மூன்று காரணங்கள் சொன்னார். பற்றரி பழசு என்றார். அதனை வேறொரு கராஜில் பரிசோதித்தேன், எல்லாப் பகுதிகளிலும் மின்னழுத்தம் சரியாகவே இருக்கிறது. பெற்றோல் சரியில்லை என்றார். பழைய டயரில் ஓடியபோதும் அதே நிலையத்திலேயே நிரப்பினேன். பிடிப்புக் கூடிய டயர் என்பதால் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும், மழைக்கு அது பாதுகாப்பு என்றார். கொழும்பு மழையில் பிடிப்பு எவ்வளவு முக்கியம் என்பது எனக்கும் தெரியும், அதற்காகப் பெற்றோலில் சிறிது விட்டுக்கொடுக்கவும் ஆயத்தமாகவே இருப்பேன். ஆனால் அதே விபரப்பட்டியலில் இந்த டயரின் ஈரப் பிடிப்புத் தரம் நடுத்தரமான ‘சி’. தரக்குறியீடு அச்சிடப்பட்ட ஒட்டுத்தாளைக் காட்டும்படி கேட்டேன். டயரைப் பொருத்தும்போது அதை உரித்து எறிந்துவிடுவது வழக்கம் என்று பதில் வந்தது. வாங்குபவர் பார்ப்பதற்காக ஒட்டப்பட்ட ஒன்று, அவர் கண்ணில் படுமுன் குப்பைக்குப் போவது நல்ல வழக்கமன்று.

நட்டத்தைப் பணத்தில் சொல்வதானால், இந்த டயர்கள் 40,000 கிலோமீற்றர் ஓடும் என வைத்துக்கொண்டு, 20.8க்கும் 18.9க்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டால் 190 லீற்றருக்கு மேல் வருகிறது. லீற்றர் ஏறக்குறைய 300 ரூபா விற்கும் இந்த 2025 ஒக்டோபரில் அது சுமார் 58,000 ரூபா. முன்னர் கூறிய கழிவுகளைச் செய்தபின் இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உங்கள் பொறுப்பில் நிற்கும்.

ஆகையால், பொருத்திய நான்கு டயர்களையும் திரும்ப எடுத்துக்கொண்டு, உருளும் தடையில் உண்மையாகவே சிக்கன வகைக்குரிய தரம் பெற்ற டயர்களை, அவற்றின் ஒட்டுத்தாளை எனக்குக் காட்டிய பின்னர் பொருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். விலை கூடினால் வித்தியாசத்தைச் செலுத்துவேன். அவ்வாறு செய்ய இயலாவிடில், ஓடிய 2,800 கிலோமீற்றருக்குரிய தேய்மானத்தைக் கழித்து மீதிப் பணத்தைத் திருப்பித் தாருங்கள். அலைன்மென்டுக்காக அறவிட்ட 4,500 ரூபாவை எவ்வகையிலும் திருப்பித் தரவேண்டும். பற்றுச்சீட்டு, பஞ்சிகாவத்தையில் எடுத்த அலைன்மென்ட் அறிக்கை, கொப்பியின் உரிய பக்கங்கள் ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் இணைத்துள்ளேன். கொப்பியின் மூலப்பிரதியை எப்போது வேண்டுமானாலும் நேரில் காட்டுவேன். விரும்பினால் உங்கள் ஊழியரை அருகில் இருத்திக்கொண்டு ராஜகிரிய வரை ஒரு நாள் ஓட்டிக் காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

நவம்பர் 10ஆந் திகதிக்கு முன்னர் எழுத்துமூலம் பதில் தருமாறு வேண்டுகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிட, பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களே உண்டு. எனக்கு அத்தவணை நவம்பர் 16ஆந் திகதியுடன் முடிகிறது. அந்த இடைவெளியை மனத்தில் வைத்தே இத்திகதியைக் குறித்துள்ளேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
(ஒப்பம்)
வாடிக்கையாளர்