ஸ்டுட்கார்ட்டில் பழைய கார் வாங்கப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்டுட்கார்ட்டில் வீடும் அமைந்து, முகவரிப் பதிவும் முடிந்தது என்று படித்ததில் பெரிய நிம்மதி. குடும்பம் வருவதற்குள் ஒரு பழைய கார் எடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். எடு. ஆனால் அதற்கு முன்னால் லைசென்ஸ் வேலையைத் தொடங்கிவிடு.

நம் ஊர் லைசென்ஸ் நீ அங்கே குடியேறியதிலிருந்து 6 மாதம்தான் செல்லும். அதற்கும் ஜெர்மன் மொழிபெயர்ப்போ சர்வதேச பெர்மிட்டோ கூடவே இருக்க வேண்டும். 6 மாதம் தாண்டி ஓட்டினால் அது அபராதத்தோடு போகாது, கிரிமினல் குற்றம். தேர்வில்லாமல் மாற்றித் தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லாததால் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் உண்டு. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். கண் பரிசோதனை, முதலுதவி வகுப்புச் சான்று இரண்டையும் இப்போதே வாங்கி வை. விண்ணப்பம் அலுவலகத்தில் வாரக்கணக்கில் கிடக்கும். காரை உன் பெயரில் பதிய லைசென்ஸ் தேவையில்லை, ஓட்டத்தான் தேவை.

மலிவாக வரும் பழைய டீசலைத் தொடாதே. நைட்ரஜன் டை ஆக்சைடு பிரச்சினையால் 2019 ஜனவரி முதல் உன் நகரத்துக்குள் யூரோ 4-ம் (யூரோ என்பது இங்கே புகைத் தர வகை, பணமல்ல) அதற்குக் கீழான டீசலும் நுழையக் கூடாது. கண்ணாடியில் புகைத் தரத்துக்கான பச்சை ஸ்டிக்கர் இருந்தாலும் இதே தடைதான். விற்பவர் ஸ்டிக்கரைக் காட்டினால் பதிவுச் சான்றின் முதல் பாகத்தில் 14-ஆம் கட்டத்தைப் பார். எந்த யூரோ என்று அங்கே எழுதியிருக்கும்.

அதே சான்றில் P.1 என்ற கட்டத்தில் இன்ஜின் கொள்ளளவும், V.7-இல் கார்பன் டை ஆக்சைடு அளவும் இருக்கும். வரியை நீயே போட்டுப் பார்க்கலாம். 2014-க்கும் 2020-க்கும் இடையில் முதலில் பதிந்த வண்டி என்றால், பெட்ரோலுக்கு ஒவ்வொரு 100 சிசிக்கும் 2 யூரோ, டீசலுக்கு 9.50 யூரோ, கொள்ளளவை மேல் நூறுக்கு ஏற்றிக்கொள்வார்கள். அதோடு கார்பன் டை ஆக்சைடு 95 கிராமுக்கு மேல் போனால் கூடுதல் கிராம் ஒவ்வொன்றுக்கும் 2 யூரோ. 1,395 சிசி, 120 கிராம் பெட்ரோல் கார் என்றால் 28-ம் 50-ம் சேர்ந்து வருடம் 78 யூரோ.

பின் நம்பர் பிளேட்டில் வட்டமான டூஃப் (TÜV, வண்டியின் தகுதிச் சோதனை) ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நடுவில் 27, உச்சியில் 5 என்றால் 2027 மே வரை சோதனை செல்லும். அதை மட்டும் நம்பி விடாதே. அந்தச் சோதனை பாதுகாப்பையும் புகையையும்தான் பார்க்கும், டைமிங் பெல்ட்டையும் கிளட்ச்சையும் பார்க்காது. பெல்ட் மாற்றியதற்கு வாய்ச்சொல் போதாது, பில் கேள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே நீ ஸ்டார்ட் செய்ய வேண்டும்; நீ போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பதிவுச் சான்று நம் ஆர்.சி. புக் போலத்தான், ஆனால் அங்கே இரண்டு தாள். முதல் பாகம் ஓட்டும்போது கையில் இருப்பது. இரண்டாம் பாகம், எல்லோரும் பிரீஃப் என்று சொல்வது, வீட்டில் பத்திரமாக வைப்பது. கடன் பாக்கி உள்ள வண்டியின் பிரீஃப் பெரும்பாலும் வங்கியில் இருக்கும். "அடுத்த வாரம் தபாலில் அனுப்புகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடு. பிரீஃப் கைக்கு வந்து, அதிலுள்ள 17 எழுத்துச் சேசிஸ் எண்ணை வண்டியில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகுதான் பணம்.

ஒப்பந்தத்துக்கு ஆடாக் (ADAC) என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் இலவசப் படிவம் போதும். ஓடிய கிலோமீட்டர், விபத்து இல்லை என்ற வரி, சாவிகளின் எண்ணிக்கை, ஒப்படைத்த தேதியோடு நேரமும் எழுதிக்கொள். தனியார் விற்றால் குறைகளுக்குப் பொறுப்பில்லை என்று எழுதிவிடலாம். டீலர் உன்னைப் போன்ற தனிநபருக்கு விற்றால் குறைந்தது 1 வருடம் பொறுப்பு உண்டு. அதனால்தான் சிலர் "வாடிக்கையாளர் சார்பில் விற்கிறோம்" என்று ஒப்பந்தத்தில் நுழைப்பார்கள். அந்த வரி இருந்தால் டீலர் விலை கொடுக்காதே.

இன்ஷூரன்ஸ் எடுத்ததும் 7 எழுத்தில் ஈ.வி.பி. (eVB) என்ற காப்பீட்டு உறுதி எண் தருவார்கள், அது இல்லாமல் பதிவு நடக்காது. புதிதாக வந்தவர்களுக்குப் பிரீமியம் எக்கச்சக்கம். இந்திய லைசென்ஸ் வருடங்களைக் கணக்கில் எடுப்பார்களா என்று ஒவ்வொரு கம்பெனியிலும் கேள். 3 வருடம் ஒப்புக்கொண்டாலே ஒரு படி கீழே வரும். பத்து வயது வண்டிக்கு முழுக் காப்பீடு வீண், பகுதிக் காப்பீடு போதும். உங்கள் பக்கம் ஆலங்கட்டி மழை உண்டு, அது இதில் அடங்கும்.

பதிவு அலுவலகத்துக்கு ஆன்லைனில் நேரம் குறித்துக்கொள். பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை, முகவரிப் பதிவுச் சான்று, இரண்டு பாகம், டூஃப் அறிக்கை, ஈ.வி.பி. எண், வரி பிடிக்க வங்கிக் கணக்கு எண்ணோடு கையெழுத்திட்ட படிவம். நம்மவர்கள் மறப்பது முகவரிச் சான்றைத்தான். நம் பாஸ்போர்ட்டில் அங்குள்ள முகவரி இல்லையே. புது நம்பர் கொடுத்தால் பிளேட்டை வெளியே கடையில் அடித்துக்கொண்டு, சீல் ஒட்ட மறுபடி உள்ளே போக வேண்டும். பழைய நம்பரையே வைத்துக்கொண்டால் அந்தச் செலவு மிச்சம்.

பார்த்து வைத்த விளம்பரங்களை அனுப்பு. முதல் பாகத்தின் போட்டோவும் கிடைத்தால் சேர்த்து அனுப்பு, நானும் பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்