கடனா, குற்றமா?

புரசைவாக்கம், சென்னை

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, முட்டி. வலது முட்டியில் நீர் கோத்துக்கொண்டு, மாடிப்படி இறங்குவதே மலையிறங்குவதுபோல் ஆகிவிட்டது. மெட்ரோ வேலைக்குத் தெருவை வேறு தடுத்து வைத்திருக்கிறார்கள். ஆட்டோக்காரர் ஊரெல்லாம் சுற்றித்தான் வருகிறார். சரி, என் புராணம் போதும்.

உன் பழைய தலைமையாசிரியர் அடக்கத்துக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதியிருந்தாய். "ஒரு மணி நேரமும் தமிழில்தான் பேசினார்கள். முப்பது வருஷம் தமிழ் நடத்திய எனக்குப் பாதி விளங்கவில்லை" என்ற வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். தப்பு உன்மேல் இல்லை. எங்கள் சொற்கள் எல்லாமே உனக்குத் தெரிந்தவைதான். ஆனால் நாங்கள் அவற்றை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் தலைமையாசிரியருக்கு ஒட்டியிருந்த அந்த இரங்கல் போஸ்டர். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பது நாசூக்குக்காகப் போட்டது என்று நினைத்திருக்கிறாய். இல்லை, அது ஒரு கோட்பாடு. ஆத்துமா உடம்பைச் சட்டைபோலக் கழற்றிப்போட்டுவிட்டுப் போய்விடுகிறது என்பதோடு எங்கள் நம்பிக்கை முடிவதில்லை. விசுவாசப் பிரமாணத்தில் 'சரீரம் உயிர்த்தெழுதல்' என்று வாரந்தோறும் சொல்கிறோம். எழுந்திருக்கப் போகிறவனைத் தூங்குகிறான் என்றுதானே சொல்லவேண்டும்? பவுல் அப்படித்தான் எழுதினார். ஆங்கிலத்தில் கல்லறைத் தோட்டத்துக்குச் சொல்கிற 'செமெட்ரி'யும் தூங்குமிடம் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அதனால்தான் எங்களுக்குப் புதைப்பது வழக்கமாயிற்று.

அடுத்ததுதான் பெரிய கேள்வி. 'மீட்பு, மீட்பு என்கிறார்களே, யாரிடமிருந்து எதை மீட்கிறார்கள்?' இதற்குப் பதில் சொல்லுமுன் எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி நடக்கிற கூத்தைச் சொல்லவேண்டும்.

என் வீட்டுக்காரி, நீ தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், கத்தோலிக்கக் குடும்பம், நான் சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டண்ட் பக்கம் என்பது உனக்குத் தெரியும். அவள் கோயிலுக்குப் போய் பூசை பார்ப்பாள், நான் சர்ச்சுக்குப் போய் ஆராதனையில் உட்காருவேன். அவளுக்குத் திருமுழுக்கு, எனக்கு ஞானஸ்நானம். நாற்பது வருஷத்தில் இதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் படுக்கப்போகுமுன் இரண்டு பேரும் சேர்ந்து ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லும்போது மட்டும் ஓரிடத்தில் முட்டிக்கொள்வோம். 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்று நான். 'எங்கள் குற்றங்களைப் பொறுத்தருளும்' என்று அவள். "உங்க ஜெபம் பேங்க் மேனேஜர்கிட்ட பேசுற மாதிரி இருக்கு" என்பாள்.

அவள் கிண்டலில் விஷயம் இருக்கிறது. மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் இருப்பது கடன் என்ற சொல்தான். லூக்கா நற்செய்தியில் அதே இடத்தில் பாவம் என்று வருகிறது. 'மீட்பு'க்குப் பின்னால் நிற்கிற கிரேக்கச் சொல்லும் சந்தைச் சொல்தான்: அடிமையையோ போரில் பிடிபட்டவனையோ விடுவிக்கக் கொடுக்கிற தொகை. 'அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்க' வந்தேன் என்று இயேசு சொல்வதாக மாற்கு எழுதுகிறார். பாடம் கேட்டபோது பெரிதாகத் தோன்றிய சொல், எனக்கு உண்மையில் புரிந்தது பெரம்பூர் சேட்டுக் கடையில்தான். நீயும் கூட இருந்தாய்.

1973. என் பி.யூ.சி. ஃபீசுக்காக அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி கடைக்குப் போயிருந்தது. நாளைக்குத் தவணை முடிகிறது. முடிந்தால் நகை மூழ்கிவிடும். வட்டியும் முதலும் சேர்த்துப் பார்த்தால் அப்பா கையில் நாற்பது ரூபாய் குறைகிறது. உன் அப்பா ஷிஃப்ட் முடிந்து எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையோடு நேராகக் கடைக்கு வந்து, பையிலிருந்து நான்கு பத்து ரூபாய் நோட்டை எடுத்துக் கல்லாமேல் வைத்தார். சேட் சீட்டைக் குறுக்கே கிழித்து ஆணியில் குத்தினார். அம்மா கழுத்தில் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே அழுதாள். அந்த ஆணியில் குத்திய சீட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆனால் வாத்தியாரே, உவமையை நீட்டினால் சிக்கல் வரும். இங்கே சேட் யார்? பணம் யார் கைக்குப் போயிற்று? சபையின் பெரியவர்களுக்கு ஆயிரம் வருஷத்துக்குமேல் இதே தலைவலி. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், மனிதனைப் பிடித்து வைத்திருந்தவன் பிசாசு, எனவே விலை அவனுக்கே போயிற்று என்றார். அடுத்த நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி ஒருபடி மேலே போய்த் தூண்டில் கதை சொன்னார்: மனித உடம்பு புழு, உள்ளே மறைந்த தெய்வத்தன்மை முள், பிசாசு விழுங்கி மாட்டிக்கொண்டான். அவருடைய நண்பரான இன்னொரு கிரகோரிக்கு, நாசியான்சுகாரருக்கு, இது பொறுக்கவில்லை. கொள்ளைக்காரனுக்குக் கடவுள் கூலி கொடுப்பதா என்று கோபப்பட்டார். 1098 வாக்கில் ஆன்செல்ம் பிசாசைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்: கடன் கடவுளுக்குத்தான், மனிதன் தரவேண்டியது, ஆனால் கடவுளால்தான் தர முடிந்தது, அதனால் கடவுளே மனிதனானார் என்றார். கொஞ்ச காலத்தில் அபெலார் வந்து, இதில் கடனே பேச்சில்லை, அன்பைக் கண்டு மனிதன் மனம் திரும்புவதுதான் விஷயம் என்றார். இத்தனைக்கும் நைசியாவில் தொடங்கிச் சபைத் தலைவர்கள் கூடிய பழைய பெருஞ்சங்கங்கள் எதுவும் இவற்றில் இதுதான் சரி என்று முத்திரை குத்தவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆன்செல்மின் கணக்கு ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. சுத்தமான கணக்கைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும், ரயில்வே ஆடிட்டில் இருந்த பழக்கம்.

கடன் என்றதும் ஃபப்ரீசியஸ் ஞாபகம் வருகிறது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வேப்பேரியில் பல பத்தாண்டு வாழ்ந்த ஜெர்மானிய மிஷனரி. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது எடுத்துவந்த அச்சுப்பொறி அவர் கைக்கு வந்தது. தமிழ்–ஆங்கில அகராதி போட்டார், வேதாகமத்தை மொழிபெயர்த்தார். கடவுளுக்கு அவர் வைத்த சொல் 'பராபரன்'. உன் தாயுமானவர் 'பராபரமே' என்று பாடுவாரே, கிட்டத்தட்ட அதே சொல். பின்னால் வந்தவர்கள் அதைத் 'தேவன்' ஆக்கினார்கள், 1995இல் வந்த பொதுமொழிபெயர்ப்பில் 'கடவுள்'. அப்பேர்ப்பட்ட மனிதர் பண விஷயத்தில் ஏமாளி. வயதான காலத்தில் கடனில் சிக்கிச் சிறைக்கே போனார். 'எங்கள் கடன்களை மன்னியும்' என்று அங்கே உட்கார்ந்து எந்தக் குரலில் சொல்லியிருப்பார்!

'நீதிமானாக்கப்படுதல்' பற்றிக் கேட்டாயே, இலக்கணக்காரனான உனக்கு இது விருந்து. புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய லூத்தர் சொன்னது: நீதிபதி தீர்ப்புச் சொல்வதுபோல, பாவியைப் பாவியாக இருக்கும்போதே நீதிமான் என்று கடவுள் அறிவிக்கிறார். 1547இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் கூடி, வெறும் அறிவிப்பு போதாது, உள்ளே ஆளே மாறுகிறான் என்று மறுத்தது. இப்போது எங்கள் தமிழ் வேதாகமத்தைப் பார். 'என்று தீர்க்கப்படுகிறான்' இல்லை, 'நீதிமானாக்கப்படுகிறான்'. ஆக்கு! லூத்தர் பக்கம் நிற்கிற எங்கள் புத்தகத்தில் திரெந்துக்காரர்களின் வினை. எந்தப் போதகரும் இதைப் பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டதில்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரத்தில் லூத்தரன்காரரும் கத்தோலிக்கரும் இதைப் பற்றி ஒரு பொது அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். உன் தங்கச்சிக்கும் எனக்கும் அதற்குப் பல வருஷம் முன்பே உடன்பாடு ஆகிவிட்டது, தவணை முறையில்.

அப்புறம் கிருபை. நீ உடனே தாய் கவ்விப்போகிற பூனைக்குட்டி, தாயைத் தானே பற்றிக்கொள்கிற குரங்குக்குட்டி என்று தென்கலை வடகலையை இழுப்பாய், தெரியும். இழு, பொருத்தமும் இருக்கிறது. எல்லாம் கடவுள் கொடுப்பது என்ற அகுஸ்தீனும் மனிதன் முயற்சியால் முடியும் என்ற பெலாகியுவும் அடித்துக்கொண்டது கிட்டத்தட்ட இதைப் பற்றித்தான். ஆனால் சொல்லைப் பற்றி ஒன்று. கிருபை என்றால் என் காதில் இரக்கம் என்றுதான் விழுகிறது, மேலே இருப்பவர் கீழே பார்ப்பதுபோல. உன் தங்கச்சியின் பாட்டி வைத்திருந்த ஜெபப்புத்தகம், அட்டை போய், நூல் பிரிந்து, பரணில் கிடந்தது. போன மாதம் எடுத்துப் பார்த்தேன். இப்போது 'அருள் நிறைந்த மரியே' என்று சொல்கிற இடத்தில் அந்தக் காலத்தில் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்று இருக்கிறது. பிரியதத்தம்! பிரியத்தோடு கொடுக்கப்பட்டது. கிரேக்கச் சொல்லில் இருக்கிற பரிசு என்ற சாயல் இதில்தான் அப்படியே இருக்கிறது. இந்தச் சொல்லை ஏன்தான் விட்டார்களோ. பாவமன்னிப்புக்குப் போவதற்கு அதில் 'பாவசங்கீர்த்தனம்' என்று பெயர். நீ சங்கீர்த்தனம் என்றதும் ஜால்ரா தேடுவாய்.

இயேசுவை அவதாரம் என்று ஏன் சொல்வதில்லை என்ற கேள்விக்குச் சுருக்கமாக: பத்தில் ஒன்றாகிவிடும், வந்த வேலை முடிந்ததும் போய்விடுவார் என்ற பயம். 'வார்த்தை மாம்சமாகி' என்று முரட்டுத்தனமாகச் சொல்வதையே வைத்துக்கொண்டார்கள். ஆனால் 1941இல் இந்தச் சென்னைக்கு மேயராக இருந்த வேங்கல் சக்கரைச் செட்டியார் அவதாரம் என்றே சொல்லலாம் என்று வாதாடினார். மற்ற அவதாரங்கள்போல் இது முடிந்துபோகாதது, தொடர்வது என்பது அவர் கட்சி. ஒரே கடவுள் மூவராக இருக்கிறார் என்கிற திரித்துவத்தைக் கடிதத்தில் தொடமாட்டேன். நேரில் வா, ஒரு ஃபில்டர் காபிக்கு மூன்று தம்ளர் வைத்துக் குழப்புகிறேன்.

ஒரு வேலை இருக்கிறது உனக்கு. அதே ஜெபப்புத்தகத்தில் ஏழு தலையான பாவங்களில் பொறாமைக்குக் 'காய்மகாரம்' என்று போட்டிருக்கிறது. காய்தல் இருக்கிறது, அகங்காரம்போல் காரமும் இருக்கிறது, நடுவில் அந்த 'ம' எப்படி வந்தது? உன் அகராதிகளைப் புரட்டிப் பார்த்து எழுது.

புத்தகக் கண்காட்சிக்கு ஜனவரியில் வருவாய் அல்லவா? அறை ஒழித்து வைத்திருக்கிறேன். வரும்போது உன் அம்மாவிடம் ஒன்று கேட்டுக்கொண்டு வா. அந்த நாற்பது ரூபாயை அடுத்த மாதமே கொடுத்துவிட்டதாக எங்கள் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். உங்கள் வீட்டில் வாங்கவே இல்லை என்று உன் அப்பா ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அன்புடன்,
உன் பெரம்பூர் நண்பன்