ரெண்டு டையும் சிவப்பு, பச்சை எங்க? – புகார்

வணக்கம்,

கிளிநொச்சியில இருந்து எழுதுறன். உங்களிட்ட கலத்தின்ர பகுதியளை ஒளிர வைச்சுப் பாக்கிற ரெண்டு புளோரசென்ற் டை ஓடர் பண்ணினனாங்கள், இழைமணிக்கு (கலத்துக்குச் சக்தி குடுக்கிற பகுதி) பச்சை, லைசோசோமுக்கு (கழிவைச் செரிக்கிற பை) சிவப்பு எண்டு ஓடர் போமிலயே கிடக்கு, வந்தது ரெண்டுமே சிவப்பு. ஒண்டு 579 நானோமீற்றர் ஒளியால தூண்ட 599இல ஒளிருது, மற்றது 577இல தூண்ட 590இல. இன்வொய்ஸில பச்சை எண்டு அடிச்சிருக்கு, குப்பி லேபிளில வேற கோட் நம்பர், பெட்டியில போட்டவை ரெண்டையும் ஒருக்கா ஒத்துப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்.

போன் எடுத்தா உங்கட சேல்ஸ் தம்பி, "ரெண்டும் வேற டை தானே அண்ணை, பில்டரை மாத்திப் பாருங்கோ, இல்லாட்டி கொம்பியூட்டரில கலரை மாத்தலாம்" எண்டுறார். 9 நானோமீற்றர் வித்தியாசத்தை எந்தப் பில்டரப்பா பிரிக்கும்? கொம்பியூட்டரில பச்சை பூசினா படம் வடிவா வரும், ஆனா பொய்ப்படம். கலத்தை பிக்ஸ் பண்ணிப்போட்டு, அதாவது கெமிக்கல் போட்டு சாகடிச்சு அப்பிடியே நிக்க வைச்சிட்டு, ஆறுதலாப் பாருங்கோ எண்டும் சொன்னவர், லைசோசோம் டை உள்ளுக்க தங்கிறதே அங்க இருக்கிற அமிலத்தாலதான், செத்த கலத்தில அது எதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?

நாங்கள் பாக்கிறது உயிரோட இருக்கிற கலத்துக்குள்ள இழைமணியும் லைசோசோமும் கிட்ட வந்து, கொஞ்ச நேரம் ஒட்டி நிண்டு பிரியிறதை. 2018இல நேச்சர் சஞ்சிகையில வந்த ஆய்வில சராசரியா ஒரு நிமிசம் போலத்தான் ஒட்டி நிக்குமெண்டு இருக்கு, இடைவெளி கிட்டத்தட்ட 10 நானோமீற்றர். சாதாரண மைக்ரோஸ்கோப்பில 200 நானோமீற்றருக்குக் கிட்ட நிக்கிற ரெண்டு புள்ளி ஒண்டாத்தான் தெரியும், அதால பச்சையும் சிவப்பும் சேந்து அசையுதோ எண்டு தொடர்ந்து படமெடுத்துத்தான் ஏதும் சொல்லேலும். ரெண்டும் சிவப்பெண்டா எல்லாம் ஒண்டையொண்டு தொட்டுக்கொண்டு நிக்கிற மாதிரித்தான் கிடக்கும், இஞ்ச ஒரு பிள்ளை அதைப் பாத்து சந்தோசப்பட்டும் போனவ, பாவம்.

பார்சல் வந்த சீர் வேற. வெளிச்சம் படக்கூடாத சாமானை ஒரு பொயில் கூடச் சுத்தாமல் கொழும்பு பஸ்ஸில ஏத்திவிட்டிட்டு பரந்தன் சந்தியில வந்து எடுங்கோ எண்டா, இது என்ன கருவாடே?

490இல தூண்ட 516இல ஒளிருற பச்சை டையை உங்கட செலவில குரியரில அனுப்புங்கோ, பிழையா வந்ததில திறக்காத குப்பியளைத் திருப்பி எடுங்கோ. ஸ்ரொக் இல்லையெண்டா காசைத் தாங்கோ, வேற இடத்தில எடுக்கிறம், பிள்ளையளுக்கு புரஜெக்ற் ரிப்போட் குடுக்கிற நாள் கிட்டுது. இன்வொய்ஸும் லேபிளும் படமெடுத்து இணைச்சிருக்கு. பதில் ஈமெயிலில வேணும், போன் கதை வேண்டாம்.